வெறும் வயிற்றில் எடுக்காத படம்

அக்காவுக்கு முதலில் நொந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. சாப்பிட்டு முடித்துக் கோப்பை கழுவப் போனவர் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமத்தினார்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. வாயு."

இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தார். விடிய நோ இல்லை. மறந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் வயிற்றில் எது நொந்தாலும் வாயு. வாயு இல்லாவிட்டால் கஸ்ரிக். இரண்டும் இல்லாவிட்டால் செய்வினை. அதற்கு மேல் ஒரு வருத்தம் வயிற்றுக்குள் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

நான் ஊர்காவற்றுறையில் லேத் மெசின் ஒன்று வைத்திருக்கிறேன். படகு எஞ்சினின் சுழல்தண்டு தேய்ந்தால் என்னிடம் வரும். அளந்து, கடைந்து, தண்டு ஆடாமல் சுழலப் புதுப் புஷ் வளையம் போட்டுக் கொடுப்பேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இடம்பெயர்ந்து போன இடத்தில் ஒரு பட்டறையில் வேலைக்கு நின்றேன். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. நான் போகவில்லை. கலியாணமும் செய்யவில்லை. இருப்பது அக்காவின் சீதன வீட்டில். அவருடைய புருஷன் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். கடை எரிந்தது. கொஞ்சக் காலத்தில் அவரும் நெஞ்சு நோவில் போனார். அதன் பிறகு அக்கா, அவருடைய மகன், நான். மூன்று பேர்தான் வீடு.

"என்னைக் கட்டினவனும் இல்லை, பெத்தவனும் இல்லை, சீதன வீட்டில இருந்து சாப்பிடுறவன் நீதான்" என்று அக்கா பகிடி விடுவார். நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பகிடி வரும்.

மகன் படித்தான். இப்போது வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். என்ன ஆராய்ச்சி என்று சனம் கேட்டால் அக்கா சொல்வது, "தம்பி செய்யிற வேலைதான். ஆனா குளிர் அறையில" என்று. அது பொய்யில்லை. கடும் உலோகங்களை மயிரிழையிலும் நுண்ணியதாய் எப்படி வெட்டுவது, வெட்டும்போது அலகு எப்படிச் சூடாகிறது, எப்படித் தேய்கிறது, இதுதான் அவன் பார்ப்பது. ஒருமுறை வீடியோவில் தன் மெசினைக் காட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எண்ணெய்க் கறை ஒன்றையும் காணவில்லை.

"வெட்டி முடிஞ்ச உடன அளக்கமாட்டம் மாமா. அறையின்ர குளிருக்கு அந்தத் துண்டு வரும்வரைக்கும் விட்டிடுவம்."

"இங்கயும் அதுதான் மோனை."

"இங்க அதுக்கெண்டு ஒரு தனி அறை இருக்கு."

"இங்க அதுக்கெண்டு ஒரு பூவரச மரம் இருக்கு."

அவன் சிரித்தான். ஆனால் விசயம் ஒன்றுதான். கடைந்த கையோடு அளந்தால் இரும்பு வீங்கியிருக்கும். அளவு சரி என்று காட்டும். ஆறியதும் சுருங்கும். படகில் போட்டால் ஆடும். கடலில் நிற்கிறவன் என் தாயைத் தூக்கி ஏசுவான். அவன் ஏசுவதில் நியாயம் இருக்கும்.

அக்கா விரதக்காரி. வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கார்த்திகை, எல்லாம் பிடிப்பார். கந்தசட்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும். ஊரில் மற்றப் பெண்கள் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் என்பார்கள். அக்கா அதைக் கணக்கில் எடுப்பதில்லை. "பால்பழம் சாப்பிட்டு விரதமெண்டால் எங்கட பசுக்கன்றும் விரதம்தான்" என்பார். அவருக்கு உலகத்தில் பெருமை என்று ஒன்று இருந்தது என்றால் அது பசியைத் தாங்குவதில்தான்.

நோ திரும்பி வந்தது. பொரியலுக்கு வந்தது, தேங்காய்ப்பால் விட்ட கறிக்கு வந்தது. முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழும் பிடித்தது. வந்தால் இருக்க ஏலாது, படுக்க ஏலாது. முற்றத்தில் நடந்தபடி இருப்பார். ஆசுப்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டொக்டர் களைத்துப் போன மனிதர். அக்காவின் கதையைப் பாதி கேட்டார். விரதம் என்ற சொல் வந்ததும் மிச்சத்தைக் கேட்கவில்லை.

"அம்மா, விரதம் விரதமெண்டு வயித்தைக் காயப்போட்டால் அல்சர் வராமல் என்ன வரும்?"

"விரதத்தில எனக்கு நோகிறேல்லை டொக்டர். சாப்பிட்டாத்தான் நோகுது."

"அதுதான் அல்சர்."

"அப்ப முருகன் தந்த அல்சர் எண்டு எழுதுங்கோ."

டொக்டர் சிரித்தார். குளிசை எழுதினார். அக்கா அன்று சொன்ன வார்த்தைதான் சரியான வார்த்தை. சாப்பிட்டால்தான் நோகிறது. அதை அவர் பிறகும் பல பேருக்குச் சொன்னார். ஒருவரும் காதில் போடவில்லை.

குளிசைக்கு நோ நிற்கவில்லை. அடுத்த தரம் போனபோது டொக்டர் பித்தப்பையையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று ஸ்கான் எழுதித் தந்தார். அங்கே மெசின் பழுது. யாழ்ப்பாணத்தில் தனியார் இடம் ஒன்றில் எடுக்கச் சொன்னார்கள். தாதி வந்து சொன்னார்: "முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடக் கூடாது அம்மா. தேத்தண்ணியும் வேண்டாம். ஏலுமோ?"

அக்கா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. மீன் பிடிக்கிறவனிடம் நீந்தத் தெரியுமோ என்று கேட்டதுபோல.

"என்னட்டயோ கேக்கிறீர் பிள்ளை?"

அது மார்கழி. திருவெம்பாவை நாட்கள். விடிய முதலே கோயிலில் சங்கு ஊதிப் பூசை நடக்கும். முதல் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டோம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளையார் கோயில். அக்கா ஒரு காரியத்துக்குப் போகும்போது பிள்ளையாரைத் தாண்டிப் போகமாட்டார். செருப்பைக் கழற்றி உள்ளே போனோம். தீபம் காட்டினார்கள். ஐயர் திருநீறு தந்தார். பிறகு வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் புக்கை தந்தார். சூடாக இருந்தது. கஜு போட்டு, முந்திரிகை வற்றல் போட்டு, நெய் விரலில் ஒட்டியது. அக்கா கண்ணில் ஒற்றினார். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். இலையைப் போட்டுவிட்டுக் கை கழுவினோம். பஸ் வந்தது.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. அது சாப்பாடு இல்லை. விரதம் இருக்கிறவர்களும் அதை எடுப்பார்கள். அதனால் விரதம் கெடாது. மிளகும் தண்ணீரும் என்று இருக்கிற அக்காவுக்கும் அது கெடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தண்ணீர் ஈரம் என்று யார் சொல்லித் தருவார்கள்?

ஸ்கான் எடுக்கிற டொக்டர் திரைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் கதிரையில்.

"காலமை சாப்பிட்டனீங்களோ அம்மா?"

"இல்லை."

"தேத்தண்ணி?"

"பச்சைத் தண்ணியும் படேல்லை."

மெசினில் பொத்தானைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிஞ்சு படுங்கோ. மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. விடுங்கோ. திரும்பவும் இழுங்கோ."

"என்ன தம்பி, வயித்தில மீனுக்குப் புளி பூசுற மாதிரிப் பூசிக்கொண்டிருக்கிறீர்?" என்றார் அக்கா.

டொக்டர் சிரிக்கவில்லை. "பை சுருங்கிக் கிடக்குது அம்மா. உண்மையாச் சாப்பிடேல்லையோ?"

அக்காவின் குரல் மாறியது. "நான் ஏன் உமக்குப் பொய் சொல்லுறன்? ஆறு நாள் கந்தசட்டி பிடிக்கிறனான். ஒரு இரவு இருக்க ஏலாதோ எனக்கு?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே ஆட்கள் நிறைய இருந்தார்கள். பித்தப்பை சுருங்கியிருக்கிறது, கல்லுகள் காணப்படவில்லை என்று ரிப்போட் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் தந்தார்கள். எனக்கு அதில் மழைக்காலத்து வானம்போல ஏதோ தெரிந்தது.

அன்று பின்னேரம் அக்கா மகனுக்குச் சொன்னார். அவன் ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாசித்தான். "கல்லு இல்லையெண்டால் இல்லைதானே அம்மா. ஸ்கான் எடுத்தாச்சு. இனி விரதத்தை விடுங்கோ." அளந்து வந்த ஒன்றை அவன் சந்தேகப்பட மாட்டான். அது அவனுடைய தொழில். கிளினிக் டொக்டரும் அதையே சொன்னார். படம் தெளிவாக இருக்கிறது, அல்சர்தான், நேரத்துக்கு நேரம் சாப்பிட வேண்டும், விடிய எழும்பிய உடனே ஒரு கோப்பை பால்.

எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். அக்கா தனி ஆள்.

அடுத்து வந்த ஐப்பசியில் அவர் கந்தசட்டி பிடிக்கவில்லை. கலியாணம் கட்டிய வருசத்திலும், புருஷன் செத்த வருசத்திலும், மூட்டை முடிச்சோடு ஓடிய வருசங்களிலும் விடாதவர். சூரன்போர் அன்று கோயிலுக்கும் போகவில்லை. "சாப்பிட்ட வயித்தோட அங்க போய் என்ன முகத்தைக் காட்டுறது?" என்று வீட்டில் இருந்தார். காலையில் பால் குடித்தார். பால் குடித்து ஒரு மணித்தியாலத்தில் முற்றத்தில் நடக்கத் தொடங்கினார்.

"தம்பி, உந்தப் பாலை விட்டுப் பாப்பமோ?"

"டொக்டர் குடிக்கச் சொன்னவரெல்லோ?"

"அவர் சொன்னவர்தான். நோகிறது எனக்கெல்லோ."

பாலை விட்டார். மகன் எடுத்துக் கேட்டான். திரும்பக் குடித்தார். மகன் சொன்னால் குடிப்பார். விரதம் அவருடைய வருத்தத்துக்கு இருந்த ஒரே மருந்து. அதைப் பிடுங்கிவிட்டு, எது நோவைக் கொண்டுவந்ததோ அதை விடியக் காலமை கோப்பையில் ஊற்றிக் கொடுத்தோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால் யாரையும் ஏசவும் முடியவில்லை.

இரண்டு மார்கழி இப்படிப் போனது. மெலிந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் முற்றத்து வெளிச்சத்தில் அவருடைய கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரி கீழ்க்காய்நெல்லி பிடுங்கிக்கொண்டு வந்தா. அரைத்து ஆட்டுப்பாலில் குடிக்கச் சொன்னா. நான் அக்காவை பஸ்ஸில் ஏற்றினேன். இந்த முறை நேரே யாழ்ப்பாணம், பெரியாசுப்பத்திரி வார்ட்டு.

அங்கே இருந்த டொக்டர் இளம் பெண். விடிய நேரே வார்ட்டிலேயே ஸ்கான் எடுத்தார்கள். முதல் நாள் பின்னேரத்தில் இருந்து அக்கா வாயில் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கவும் மனம் இல்லை. டொக்டர் படத்தைப் பார்த்தார். நான் கொண்டுபோன பழைய படத்தையும் ரிப்போட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்காவின் கட்டிலில் வந்து இருந்தார்.

"அம்மா, அண்டைக்கு இந்தப் படம் எடுக்கப் போக முதல் வாயில என்ன வைச்சனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"சாப்பாடு எண்டு கேக்கேல்லை அம்மா. குளிசை, வெத்திலை, என்னெண்டாலும். என்ர அம்மாவும் உங்களை மாதிரித்தான், அதுதான் கேக்கிறன். கோயிலுக்குப் போனனீங்களோ?"

"போகாமல்? திருவெம்பாவையெல்லோ."

"அங்க ஏதும் தந்தவையோ?"

"பிரசாதம் மட்டும்."

"என்ன பிரசாதம்?"

"சர்க்கரைப் புக்கை."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "நெய் விட்டதோ அம்மா?"

"நெய் விடாமல் புக்கையோ பிள்ளை?"

டொக்டர் அக்காவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு எழும்பினார். வெளியே விறாந்தையில் எனக்கு விளங்கப்படுத்தினார். பித்தப்பை வெறும் வயிற்றில் நிரம்பி விரிந்து நிற்கும். நெய், எண்ணெய், பால், எது போனாலும் சுருங்கித் தன்னிடம் இருக்கிற பித்தத்தை ஊற்றிவிடும். சுருங்கின பைக்குள் கல்லு இருந்தாலும் படத்தில் பிடிபடாமல் போகலாம். அதற்குத்தான் சாப்பிடாமல் வரச் சொல்வது.

சூட்டோடு அளந்த இரும்பு. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வேலையை நான் நாளாந்தம் செய்கிறவன். அக்காவின் பக்கத்தில் நின்று அதே புக்கையைத் தின்றவன். எனக்கும் அது சாப்பாடாகத் தெரியவில்லை.

"இப்ப என்ன இருக்குது டொக்டர்?"

"பை நிறையக் கல்லு ஐயா. கனகாலத்துக் கல்லு. அதோட பைச் சுவரில ஒரு கட்டி. அது ஈரலுக்கும் பரவிப்போட்டுது."

"வெட்டி எடுக்கலாமோ?"

"பெரிய டொக்டர் பாத்தவர். ஏலாது எண்டுதான் சொல்லுறார்."

"அண்டைக்கே தெரிஞ்சிருந்தால்?"

அவர் விறாந்தைக்கு வெளியே பார்த்தார். "அதை நான் சொல்ல ஏலாது ஐயா."

சொல்ல ஏலாது என்பதும் ஒரு பதில்தான்.

மஞ்சள் இறங்கக் குழாய் ஒன்று வைத்தார்கள். சில நாளில் வீட்டுக்கு விட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அக்கா யன்னல் பக்கம் இருந்தார். பாலத்தில் ஏறி இரண்டு பக்கமும் கடல் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பிள்ளை கோயிலிலயோ பிழை சொல்லுது?"

"இல்லை. அவ ஆரையும் பிழை சொல்லேல்லை."

"பிரசாதம் சாப்பாடில்லை."

"எங்களுக்கு இல்லை அக்கா. உங்கட பித்தப்பைக்கு அது தெரியேல்லை."

சிரித்தார். சிரித்ததும் விலாவைப் பிடித்தார். "பாவம், அதுக்கு ஆர் சமயம் படிப்பிச்சது?" என்றார்.

மகனுக்கு நான்தான் சொன்னேன். புக்கையைச் சொன்னதும் அவனுக்கு விளங்கிவிட்டது. ஆறவிட்டு அளக்கிறவனுக்கு விளங்காமல் போகுமோ? வருகிறேன் என்றான். ஆராய்ச்சிக்கு முடிவுப் பரீட்சை கிட்ட இருந்தது, விசாவும் சிக்கலில் இருந்தது. அக்கா போனை வாங்கினார். "வராதை மோனை. முடிச்சுப்போட்டு வா. நான் எங்க போகப்போறன்?" அவன் அழுதான். அக்கா அழவில்லை.

பிறகு ஒரு நாள் அவன் வேறு ஒரு கதை கொண்டுவந்தான். அவனுடைய பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பக்கம் சிலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். பித்தப்பைப் படங்களைக் கொம்பியூட்டருக்குக் காட்டிப் பழக்குகிறார்கள், அது பார்த்து வருத்தத்தைச் சொல்லுமாம். டொக்டர்மார் தவறவிட்ட படங்கள் அவர்களுக்கு வேண்டுமாம். "அம்மாவின்ர ரெண்டு படமும் உதவும் மாமா. பேர் போடமாட்டினம்."

எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. தாய் பாயில் கிடக்கிறா, நீ படம் கேட்கிறாய் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவனுக்குச் செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை. நானும் அந்த நாட்களில் தேவையில்லாமல் பட்டறையில் போய்ப் பழைய புஷ்களைத் துடைத்துக்கொண்டு இருந்தவன்தான்.

அக்காவிடம் கேட்டேன்.

"குடன். ஆருக்கும் உதவட்டும்."

"சரி."

"ஆனா கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் போகக் கூடாது. பிள்ளையார் குடுத்ததைச் சாப்பிட்டு வருத்தம் தெரியாமல் போச்சுதெண்டு வெளிநாட்டுக்காரன் வாசிக்கிறதோ?"

"அதைச் சொல்லாட்டில் அந்தப் படத்தில என்ன இருக்குது அக்கா?"

"உனக்கு விளங்காது. அனுப்பிறதெண்டால் அப்பிடி அனுப்பு. இல்லாட்டில் விடு."

நான் அனுப்பவில்லை. அவன் மறுபடி கேட்கவும் இல்லை.

அந்த ஐப்பசியில் கந்தசட்டி தொடங்கியபோது அக்காவால் ஒன்றும் விழுங்க முடியவில்லை. கஞ்சித் தண்ணீரும் திரும்பி வந்தது. "பாத்தியே, திரும்பப் பிடிக்கிறன்" என்றார். பிடித்தது அவர் இல்லை, வருத்தம். ஆனால் அவர் அதை விரதம் என்றே எடுத்தார். ஐயர் எங்கள் வீட்டுக்குத் திருநீறு கொடுத்தனுப்பினார். அதைப் பூசிக்கொண்டு கிடந்தார். சூரன்போருக்கு முதல் நாள் போனார். விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணைக்கு ஆள் இல்லை.

கொள்ளி நான் வைத்தேன். மகன் போனில் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரியின் மருமகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். புகை வந்ததும் அந்தப் பொடியன் கண்ணைத் திருப்பினான். படம் ஆடியது.

அந்தியேட்டி முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். வீட்டில் நான். சட்டப்படி அது இப்போது மகனின் வீடு. பகிடி விட ஆள் இல்லை.

இரண்டு படங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் பை ஒரு கீறல்போல ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பெண் டொக்டர் காட்டித் தந்திராவிட்டால் எனக்கு அதுவும் தெரியாது. இதை அப்படியே அனுப்பினால் கொம்பியூட்டரும் அன்று ஸ்கான் எடுத்த டொக்டர் சொன்னதைத்தான் சொல்லும். சுருங்கியிருக்கிறது, கல்லு இல்லை. பிறகு இன்னொரு ஊரில் இன்னொரு கிழவிக்கும் அதையே சொல்லும்.

ஒரு தாள் எடுத்து எழுதினேன். என் கையெழுத்து நல்லதில்லை. "முதல் படம் எடுக்கமுதல் கோயிலில் சர்க்கரைப் புக்கை சாப்பிட்டவர். நெய் விட்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னவர். பொய் சொல்லவில்லை." தாளைப் படங்களோடு வைத்துப் போனில் எடுத்து அனுப்பினேன்.

அவன் உடனே எடுத்தான்.

"மாமா, அம்மா இதை அனுப்பச் சொன்னவவோ?"

"படத்தை அனுப்பச் சொன்னவ."

"புக்கையை?"

"வேண்டாமெண்டவ."

"இதை இங்க இருக்கிறவைக்கு எப்பிடி மாமா விளங்கப்படுத்திறது? சாப்பிட்டவ, ஆனா சாப்பிடேல்லை எண்டு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே மோனை ஆராய்ச்சி."

அவர்கள் அதைச் சேர்த்தார்களோ, தாளை விட்டுப் படத்தை மட்டும் எடுத்தார்களோ, இன்னும் தெரியாது. கேட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்கிறான்.

அக்கா இருந்திருந்தால் நான் செய்ததற்கு ஒரு கிழமை என்னோடு கதைக்கமாட்டார். பிறகு ஏசுவார். ஏசிவிட்டுச் சோறு போடுவார். இப்போது நானே சமைக்கிறேன். எண்ணெய் கூடிப் போகிறது.